பாஸ்வர்த்தில் வீழ்ந்த மணிமுடி: மூன்றாம் ரிச்சர்டின் வாழ்வும் வரலாறும்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகப் பயின்றோர்க்கு மூன்றாம் ரிச்சர்டு என்னும் பெயர் புதியதன்று. கூன் விழுந்த முதுகும் சூம்பிய கையும் உடையவனாக, அரியணை ஏறித் தமையன் மக்களாகிய சிறுவர் இருவரைக் கொல்வித்த கொடியவனாக ஷேக்ஸ்பியர் அவனைத் தம் நாடகத்தில் படைத்துக் காட்டினார். மேடையில் உலவிய அந்த உருவமே நாளடைவில் வரலாறாகவும் மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. மறுபுறம், அவனை மாசு மறுவற்ற மன்னனாகக் காட்ட முனைந்தோரும் பலராவர். இவ்விரு சாராரும் காட்டும் ரிச்சர்டுக்கு இடையே உண்மையான மனிதன் ஒருவன் இருக்கிறான். அவனுடைய வாழ்வை நிரலே நோக்குவது இக்கட்டுரையின் முதல் நோக்கமாகும்.

மற்றொரு நோக்கமும் உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அரியணைக்காக நிகழ்ந்த பூசல், பல கட்டங்களில் வேறு விதமாக முடிந்திருக்கக்கூடியது. ஒரு நாள் மூடுபனி, ஒரு சிறுவனின் மரணம், ஒரு தளபதியின் தயக்கம் ஆகியவை ஒரு நாட்டின் போக்கையே மாற்றின. இவற்றுள் தற்செயலாய் நேர்ந்தவை எவை, மனிதன் தானே தேர்ந்துகொண்டவை எவை என்று பிரித்தறிவது வரலாறு பயில்வோர்க்கு இன்றியமையாத பயிற்சி எனலாம்.

பூசலின் வேர்

1327 முதல் 1377 வரை இங்கிலாந்தை ஆண்ட மூன்றாம் எட்வர்டு மன்னனுக்கு ஆண்மக்கள் பலர். அவர்களுள் லங்காஸ்டர் கோமகன் ஜானின் மகன் ஹென்றி, 1399ஆம் ஆண்டில் தன் பெரியப்பன் மகனாகிய இரண்டாம் ரிச்சர்டு மன்னனை அரியணையிலிருந்து இறக்கித் தானே நான்காம் ஹென்றி என முடிசூடிக்கொண்டான். அவன் மகன் ஐந்தாம் ஹென்றி, 1415இல் அஜின்கோர்ட் களத்தில் பிரெஞ்சுப் படையை வென்று பெரும்புகழ் பெற்றான். ஆயினும் 1422இல் அவன் இறந்தபோது, அவனுடைய ஒரே மகன் ஒன்பது மாதக் குழந்தை. அக்குழந்தையே ஆறாம் ஹென்றி.

ஆறாம் ஹென்றி இறைப்பற்றும் மென்மையும் உடையவன். ஆளும் திறன் வாய்க்கப்பெறாதவன். 1453இல் கலே நகரம் நீங்கலாகப் பிரான்சிலிருந்த ஆங்கிலேயர் உடைமைகள் அனைத்தும் பறிபோயின. அதே ஆண்டில் மன்னன் மனநோய்க்கு ஆளாகி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்காலம் தன்னைச் சூழ நிகழ்வதை உணரும் ஆற்றலின்றிக் கிடந்தான். ஆளும் கை தளர்ந்தபோது, பழைய உரிமைக் கேள்வி தலைதூக்கியது. யார்க் கோமகனாகிய ரிச்சர்டு, தந்தை வழியில் மூன்றாம் எட்வர்டின் மற்றொரு மகனாகிய எட்மண்டின் பேரன். தாய் வழியிலோ, லங்காஸ்டர் ஜானுக்கு மூத்தவனாகிய லயோனலின் வழித்தோன்றல். ஆண்வழியே உரிமை என்றால் லங்காஸ்டர். மூத்தவழியே உரிமை என்றால் யார்க். இருதரப்பிலும் நியாயம் இருந்தமையே பூசலைத் தீராப்பகையாக்கியது. 1455 மே 22இல் செயின்ட் ஆல்பன்ஸ் நகரத் தெருக்களில் முதற்போர் நிகழ்ந்தது. இப்போர்களுக்கு ரோசாப்பூப் போர்கள் என்னும் பெயர் பிற்காலத்தார் சூட்டியதாகும்.

பிறப்பும் இளமையும்

யார்க் கோமகனுக்கும் நெவில் குடும்பத்தைச் சேர்ந்த சிசிலி அம்மையாருக்கும் கடைக்குட்டி மகனாக, 1452 அக்டோபர் 2ஆம் நாள் ஃபாதரிங்கே கோட்டையில் ரிச்சர்டு பிறந்தான். தந்தையின் பெயரே மகனுக்கும் இடப்பெற்றது. மூத்த சகோதரர்கள் எட்வர்டு, எட்மண்டு, ஜார்ஜ் ஆகியோர் இருக்க, அரியணை தன்னை எட்டும் என்று எண்ணுதற்கு அக்குழந்தைக்கு எவ்வித வாய்ப்பும் இல்லை.

1460 அக்டோபரில் நாடாளுமன்றம் ஓர் உடன்பாட்டைக் கண்டது. ஆறாம் ஹென்றி தன் ஆயுட்காலம் முழுதும் மன்னனாக இருப்பான். அவனுக்குப்பின் யார்க் கோமகனும் அவன் மக்களும் ஆள்வர் என்பதே அவ்வுடன்பாடு. கோமகன் மன்னனைவிடப் பத்து வயது மூத்தவன் என்பதை இங்கே கருத வேண்டும். இவ்வுடன்பாடு நிலைத்திருந்தால், கோமகன் முடிசூடாமலே மறைந்திருக்கவும், அவனுடைய மூத்த மகன் குருதி சிந்தாமல் அரியணை ஏறியிருக்கவும் கூடும். ஆனால் அவ்வுடன்பாடு ஒரு தாயின் கண்ணீரை மறந்துவிட்டது. மன்னனின் மனைவி மார்கரெட்டுக்கு ஏழு வயது மகன் இருந்தான். பெற்ற மகனின் உரிமையைப் பறித்த ஏட்டுக்கு அந்த அரசி எவ்வாறு இசைவாள்? அவள் தரப்பினர் படை திரட்டினர். அவ்வாண்டு டிசம்பர் 30இல் வேக்ஃபீல்டு என்னுமிடத்தில் யார்க் கோமகன் கொல்லப்பட்டான். பதினேழு வயது மகன் எட்மண்டும் உடன் மாண்டான். கோமகனின் தலை, காகித முடி சூட்டப்பெற்று, யார்க் நகர வாயிலின்மேல் நடப்பட்டது.

அப்போது ரிச்சர்டுக்கு வயது எட்டு. சிசிலி அம்மையார் தம் இளைய மக்கள் இருவரையும் கப்பலேற்றிக் கடலுக்கப்பால் பர்கண்டி நாட்டுக்கு அனுப்பி வைத்தார். தந்தையை இழந்து, தாயைப் பிரிந்து, அயல்நாட்டில் அடைக்கலம் புகுந்த அச்சிறுவன், அரியணை என்பது உயிரைக் காவு வாங்கும் இடம் என்பதை எழுத்தறியும் பருவத்திலேயே அறிந்துகொண்டான்.

தமையனின் நிழலில்

சில மாதங்களில் காட்சி மாறியது. 1461 மார்ச் 29இல் பனிப்புயலுக்கிடையே நிகழ்ந்த டௌட்டன் போரில், பத்தொன்பது வயதையும் எட்டாத தமையன் எட்வர்டு பெருவெற்றி பெற்று நான்காம் எட்வர்டு மன்னனாக நிலைபெற்றான். நாடு திரும்பிய ரிச்சர்டு குளஸ்டர் கோமகன் ஆக்கப்பட்டான். பின்னர், மன்னர்களை ஆக்குபவர் என்று பெயர்பெற்ற வாரிக் பிரபுவின் இல்லத்தில், யார்க்‌ஷயரின் மிடில்ஹாம் கோட்டையில் அவன் வளர்ந்தான். படைக்கலப் பயிற்சியும் பெற்றான்.

1464இல் நான்காம் எட்வர்டு, லங்காஸ்டர் தரப்பில் போரிட்டு மாண்ட ஒரு வீரனின் கைம்பெண்ணாகிய எலிசபெத் உட்வில்லை மறைவாக மணந்துகொண்டான். அயல்நாட்டு அரசகுமாரியை மன்னனுக்கு மணம்பேசிக்கொண்டிருந்த வாரிக் பிரபு தலைகுனிந்தார். அரசியின் உடன்பிறந்தார் உயர்பதவிகளை அடைய அடைய, பழைய துணைவர்களின் மனம் கசந்தது. வாரிக் எதிரணிக்குத் தாவினார். ரிச்சர்டின் அண்ணனான ஜார்ஜும் அவருடன் சேர்ந்தான். 1470இல் நான்காம் எட்வர்டு நாட்டைவிட்டே ஓட நேர்ந்தது. வளர்த்தவர் ஒருபுறம், கூடப்பிறந்தவன் ஒருபுறம் நிற்க, பதினெட்டு வயது ரிச்சர்டு தோற்றோடும் தமையனுடன் கப்பலேறினான். பற்றுறுதியே தன்னைப் பிணிக்கும் கட்டு என்னும் பொருள்படும் தொடரைத் தன் குறிக்கோள் வாசகமாகக் கொண்டவன் அவன். அவ்வாசகத்துக்கு ஏற்ப அவன் வாழ்ந்த காலம் இது என்பதில் ஐயமில்லை.

1471 மார்ச்சில் இருவரும் சிறுபடையுடன் திரும்பினர். ஏப்ரல் 14ஆம் நாள் பார்னெட் களத்தில் அடர்ந்த மூடுபனி. வாரிக்கின் தரப்பில் போரிட்ட ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவின் வீரர்கள் அணிந்திருந்த விண்மீன் சின்னம், பனியிடையே எட்வர்டின் கதிரவன் சின்னம்போல் தோன்றியது. வாரிக்கின் படையினர் தம்மவர் மீதே அம்பெய்தனர். துரோகம் என்ற கூக்குரல் எழுந்தது; அணி குலைந்தது; வாரிக் மாண்டார். மே 4இல் டியூக்ஸ்பரி களத்தில் மார்கரெட் அரசியின் ஒரே மகனும் வீழ்ந்தான். அம்மாதமே லண்டன் கோட்டையில் ஆறாம் ஹென்றியும் உயிர்நீத்தான். அன்று பனி விலகியிருந்தால் போர் எவ்வாறு முடிந்திருக்கும் என்பதை யாரால் சொல்ல இயலும்? ஆக்ஸ்ஃபோர்டு பிரபுவை மட்டும் நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். அவர் இக்கதையில் மீண்டும் வருவார்.

பின்வந்த பன்னிரண்டு ஆண்டுகள் ரிச்சர்டின் வாழ்வில் அமைதியானவை. வாரிக்கின் இளைய மகளும் டியூக்ஸ்பரியில் மாண்ட இளவரசனின் கைம்பெண்ணுமாகிய ஆன் நெவிலை அவன் மணந்தான். வடநாட்டின் பொறுப்பு முழுவதும் அவனிடம் வந்தது. எளியோர் வழக்குகளைக் கேட்டுத் தீர்ப்பவன் என்ற நற்பெயரை அங்கு அவன் ஈட்டினான். 1482இல் ஸ்காட்லாந்தின்மீது படைநடத்தி, பெரிக் நகரை மீட்டான். இதற்கிடையே 1478இல் அண்ணன் ஜார்ஜ் இராசத்துரோகக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டான். அதற்கு ஆணையிட்டவன் உடன்பிறந்த மன்னனே.

1483: ஒரு கோடைக்காலம்

1483 ஏப்ரல் 9ஆம் நாள் நான்காம் எட்வர்டு எதிர்பாராமல் இறந்தான். அவனுக்கு நாற்பத்தோரு வயதும் நிறையவில்லை. பட்டத்துக்குரிய மகன் ஐந்தாம் எட்வர்டுக்குப் பன்னிரண்டு வயது. இளையவனுக்கு ஒன்பது வயது. இளவரசன் வேல்சு எல்லையிலுள்ள லட்லோவில், தாய்மாமனாகிய ரிவர்ஸ் பிரபுவின் பாதுகாப்பில் வளர்ந்துவந்தான். சிற்றப்பனாகிய ரிச்சர்டோ வடநாட்டில் இருந்தான். சிறுவனின் பெயரால் ஆளப்போவது தாய்மாமன் வீட்டாரா, சிற்றப்பனா என்பதே அன்று நாட்டின் முன்நின்ற கேள்வி.

ஏப்ரல் இறுதியில், லண்டன் செல்லும் வழியில் ரிச்சர்டு முந்திக்கொண்டான். தாய்மாமன் சிறைப்பட்டார், சிறுவன் சிற்றப்பனின் கைக்கு வந்தான். அரசி எஞ்சிய மக்களுடன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடைக்கலம் புகுந்தாள். இதுவரை நிகழ்ந்தவற்றுக்கு ஒரு நியாயம் கூறலாம். மன்னனின் உடன்பிறந்தானே சிறுவனுக்குக் காப்பாளன் ஆவது மரபுக்கு முரணானதன்று. ஆட்சிக்குழுவும் அவனைக் காப்பாளனாக ஏற்றுக்கொண்டது. முடிசூட்டு விழாவுக்கு ஜூன் 22 எனப் புதுநாளும் குறிக்கப்பட்டது.

ஜூன் 13ஆம் நாள் யாவும் மாறின. மறைந்த மன்னனின் உயிர்த்தோழரும், காப்பாளர் பதவிக்கு ரிச்சர்டையே ஆதரித்து நின்றவருமாகிய ஹேஸ்டிங்ஸ் பிரபு, ஆட்சிக்குழுக் கூட்டத்திலேயே கைதுசெய்யப்பட்டு, விசாரணையின்றித் தலை வெட்டப்பட்டார். மூன்றாம் நாள், இளைய சிறுவனும் அடைக்கலத்திலிருந்து வெளியே கொணரப்பெற்று, தமையனுடன் லண்டன் கோட்டையில் சேர்க்கப்பட்டான். முடிசூட்டு விழா நிகழவேண்டிய அதே ஜூன் 22இல், மன்னனின் திருமணமே செல்லாது என்று நகரில் பொதுமேடைச் சொற்பொழிவு நிகழ்த்தப்பட்டது. நான்காம் எட்வர்டு ஏற்கெனவே எலினார் என்னும் மற்றொரு பெண்ணுக்கு மணவாக்களித்திருந்தான். ஆதலின் பின்னர்ப் பிறந்த மக்கள் முறைப்படி பிறந்தோரல்லர் என்பது வாதம். அந்த எலினார் 1468இலேயே இறந்துபோனவள், மன்னனும் மறைந்துவிட்டான். மறுத்துரைக்க எவரும் இல்லாத வழக்கு அது. சில நாள்களில் ரிவர்ஸ் பிரபுவும் கொல்லப்பட்டார். ஜூன் 26இல் ரிச்சர்டு அரியணை ஏறினான். ஜூலை 6இல் முடிசூடினான்.

கோட்டையில் விடப்பட்ட சிறுவர் இருவரும் அக்கோடைக்குப்பின் எவர் கண்ணிலும் படவில்லை. அவர்களைக் கொன்றவர் யார், கொல்லச் சொன்னவர் யார் என்பது இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. சிறுவர்கள் இறந்துவிட்டனர் என்ற பேச்சு நாடெங்கும் பரவியபோது, அவர்களை உயிருடன் கொணர்ந்து காட்டியிருந்தால் அப்பேச்சு அன்றே அடங்கியிருக்கும். ரிச்சர்டு அதனைச் செய்யவில்லை.

இருபத்தாறு மாத ஆட்சி

அவனுடைய ஆட்சி இருபத்தாறு மாதங்களே நீடித்தது. நடுநிலையுடன் நோக்குவோர் அதன் நற்செயல்களையும் குறிப்பிட்டாக வேண்டும். 1484இல் கூடிய நாடாளுமன்றம், குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்னரே ஒருவனின் உடைமைகளைப் பறிப்பதைத் தடுத்தது. பிணையில் விடுவிக்கும் முறையைச் சீர்செய்தது. நன்கொடை என்னும் பெயரால் மன்னர்கள் கட்டாயமாகப் பணம் பறிக்கும் வழக்கத்தை ஒழித்தது. அயல்நாட்டு வணிகர்க்கு விதித்த கட்டுப்பாடுகளிலிருந்து நூல்களுக்கும் அச்சிடுவோர்க்கும் விலக்களித்தது. அச்சுக்கலை இங்கிலாந்தில் கால்கொண்டு பத்தாண்டுகள்கூட ஆகாத நிலையில் அறிவுக்குத் திறந்துவிடப்பட்ட வாயில் இது. வடநாட்டு மக்களின் குறைகேட்க ஒரு தனி ஆட்சிக்குழுவும் அவ்வாண்டே அமைந்தது.

ஆனால் சட்டங்களால் பெற்ற நன்மதிப்பு, கோட்டையின் மௌனத்தை மூடப் போதவில்லை. 1483 அக்டோபரிலேயே, அவனை அரியணையேற்றத் துணைநின்ற பக்கிங்காம் கோமகன் கிளர்ந்தெழுந்தான். பெருமழையால் செவர்ன் ஆறு கரைபுரண்டு அவன் வழியை அடைத்தது. அவன் பிடிபட்டு, நவம்பர் 2இல் கொல்லப்பட்டான். அவனுக்குத் துணையாகக் கடல்வழி வந்த ஹென்றி டியூடரின் கலங்களையும் புயல் சிதறடித்தது. மேற்கூறிய பனி ஒருகாலத்தில் யார்க் குடும்பத்துக்கு உதவியதுபோல, இம்முறை மழையும் காற்றும் ரிச்சர்டுக்கு உதவின.

இந்த ஹென்றி டியூடர் யார்? தாய் மார்கரெட் போஃபர்ட்டின் வழியே லங்காஸ்டர் குடும்பத்தோடு உறவுடையவன். ஆனால் அக்கிளையினர்க்கு அரியணை உரிமை இல்லை என்று 1407இலேயே நான்காம் ஹென்றியால் வரையறுக்கப்பட்டிருந்தது. 1471 முதல் பிரிட்டனியில் அகதியாக வாழ்ந்தவன். நான்காம் எட்வர்டின் மக்கள் ஆட்சியில் இருந்திருந்தால் அவனை எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். சிறுவர்கள் மறைந்தபின்னரே அவன் பொருட்படுத்தத்தக்கவன் ஆனான். 1483 கிறித்துமசு நாளில், அச்சிறுவர்களின் தமக்கையாகிய யார்க் எலிசபெத்தை மணப்பதாக அவன் உறுதிமொழி எடுத்தான். ரிச்சர்டால் கசப்புற்ற யார்க் தரப்பினர் பலர் கடல்கடந்து அவனிடம் சேர்ந்தனர். தனக்கு எதிராளியை ரிச்சர்டே உருவாக்கினான் என்று கூறின் மிகையாகாது.

துயரங்களும் தொடர்ந்தன. 1484 ஏப்ரலில் ரிச்சர்டின் ஒரே முறைப்படியான மகன், பத்து வயதளவில் இறந்தான். 1485 மார்ச் 16இல், கதிரவன் மறைப்புற்ற நாளில், மனைவி ஆனும் கண்மூடினாள். தன் அண்ணன் மகளையே மணக்க எண்ணி மனைவியை நஞ்சிட்டான் என்ற அலர் எழுந்தது. அவன் மக்கள் முன்னிலையில் அதனை வெளிப்படையாக மறுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

உண்மையில் அவன் மேற்கொண்ட முயற்சி வேறு. லங்காஸ்டர் ஜானின் குருதிவழி வந்த போர்ச்சுகல் அரசகுமாரி ஜோவன்னாவைத் தான் மணப்பதற்கும், அண்ணன் மகள் எலிசபெத்தைப் போர்ச்சுகல் அரசகுடும்பத்து மானுவலுக்கு மணமுடிப்பதற்கும் அவன் தூதனுப்பினான். இரு குடும்பங்களையும் மணவுறவால் இணைக்கும் எண்ணம் ஹென்றி டியூடருக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும். இத்திருமணங்கள் நிகழவில்லை. அந்த மானுவலே 1495இல் போர்ச்சுகல் மன்னனானான். 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் வந்திறங்கிய வாஸ்கோடகாமாவை அனுப்பியவன் அவனே. கிழக்கத்திய கடல்வணிகர்களின் வாழ்வைக் குலைத்த அம்மன்னனின் அரண்மனையில் அரசியாக வீற்றிருக்க வேண்டியவள், இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் தாயாக வாழ்ந்து மறைந்தாள்.

பாஸ்வர்த் களம்

1485 ஆகஸ்டு 7ஆம் நாள் வேல்சின் தென்மேற்குக் கரையில் ஹென்றி டியூடர் இறங்கினான். உடன் வந்தோர் ஏறத்தாழ இரண்டாயிரவர். பெரும்பாலோர் பிரெஞ்சுக் கூலிப்படையினர். ஆகஸ்டு 22இல் லெஸ்டர் நகருக்கு மேற்கே பாஸ்வர்த் அருகே இரு படைகளும் சந்தித்தன. மன்னனின் படையே பெரியது. ஹென்றிக்குப் போர்ப்பயிற்சி இல்லை; ரிச்சர்டோ பதினெட்டு வயது முதல் களம் கண்டவன். கணக்குப் பார்ப்போர் எவரும் மன்னனுக்கே வெற்றி என்று கூறியிருப்பர்.

ஆனால் களத்தில் மூன்றாவது படை ஒன்றும் நின்றது. அது ஸ்டான்லி சகோதரர்களின் படை. மூத்தவராகிய தாமஸ் ஸ்டான்லி, ஹென்றியின் தாயை மணந்தவர். அதாவது எதிரியின் மாற்றாந்தந்தை. ரிச்சர்டு அவரை நம்பவில்லை. அவர் மகனைப் பிணையாகப் பிடித்து வைத்திருந்தான். மன்னனின் பின்னணிப் படைக்குத் தலைமையேற்ற நார்தம்பர்லாந்து பிரபுவின் அணியும் இறுதிவரை போரில் இறங்கவில்லை. ஹென்றியின் முன்னணிப் படையை நடத்தியவர், பார்னெட் பனியில் தம்மவராலேயே தாக்குண்ட அதே ஆக்ஸ்ஃபோர்டு பிரபு. பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் அவர் தம் வீரர்களை நெருக்கமாக நிறுத்தி, அணி குலையாமல் காத்தார். மன்னனின் தளபதி நார்ஃபோக் கோமகன் வீழ்ந்தார்.

அந்நிலையில் ஹென்றி சிறு குழுவினரோடு தனித்து நிற்பதை ரிச்சர்டு கண்டான். தன் மெய்க்காவல் வீரர்களுடன் குதிரையைச் செலுத்தி நேரே அவன்மேற் பாய்ந்தான். ஹென்றியின் கொடி தாங்கிய வீரன் வெட்டுண்டு வீழ்ந்தான். ஹென்றிக்கும் சாவுக்கும் இடையே சில அடிகளே இருந்தன. அந்நொடியில், அதுவரை வேடிக்கை பார்த்து நின்ற இளைய ஸ்டான்லியாகிய வில்லியம், தம் படையுடன் ஹென்றியின் பக்கம் பாய்ந்தார். சதுப்பு நிலத்தில் தள்ளப்பட்டு, குதிரையிழந்து, ரிச்சர்டு போரிட்டு மடிந்தான். வயது முப்பத்திரண்டு. களத்தில் உயிர்நீத்த இறுதி ஆங்கில மன்னன் அவனே. பகைவர்கள்கூட அவனுடைய வீரத்தை மறுக்கவில்லை. ஆடையின்றிக் குதிரைமேற் கிடத்தப்பெற்ற அவன் உடல், லெஸ்டர் நகரத் துறவிமடம் ஒன்றில் அவசரமாகப் புதைக்கப்பட்டது. யார்க் நகரமன்றத்தார் மட்டும், புதிய மன்னனுக்கு அஞ்சாமல், அவன் மறைவுக்குத் தம் வருத்தத்தை ஏட்டில் பதிந்து வைத்தனர்.

வேறு விதமாக நிகழ்ந்திருந்தால்?

நான்காம் எட்வர்டு இன்னும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்திருந்தால், மகன் பதினாறு வயதில் தானே ஆளும் தகுதியுடன் அரியணை ஏறியிருப்பான். ரிச்சர்டு வடநாட்டின் நல்ல ஆட்சியாளனாகவே வரலாற்றில் இடம்பெற்றிருப்பான். ஹென்றி டியூடரின் பெயர் அயலூர் அகதி ஒருவனின் பெயராக மறைந்திருக்கும். இது தற்செயல், எவருடைய குற்றமும் அன்று. ரிச்சர்டின் மகன் பிழைத்திருந்தால், அவனுக்குப்பின் யார் என்ற கேள்விக்கு விடை இருந்திருக்கும்; தயங்கி நின்றோர் பலர் அவன் பக்கமே நின்றிருப்பர். இதுவும் தற்செயலே.

வில்லியம் ஸ்டான்லி மேலும் சிறிது நேரம் தயங்கியிருந்தால்? ஹென்றி மடிந்திருப்பான். எட்டாம் ஹென்றியும் இல்லை. 1534இல் அவன் மணவிலக்கை ஒட்டி எழுந்த ரோமத் திருச்சபையுடனான முறிவும் அவ்வடிவில் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1600 டிசம்பர் 31இல் உரிமைச் சாசனம் வழங்கிய முதலாம் எலிசபெத் அரசியும் ஹென்றி டியூடரின் பேத்தியே. ஆயினும் இவ்வகை ஊகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் அரசனின் மறைவால் கடல்வணிகமும் சமயக் கிளர்ச்சியும் நின்றுவிட்டிருக்கும் என்று துணிதல் பொருந்தாது. அவை வேறு பெயரில், வேறு நாளில் வந்திருக்கலாம்.

பாஸ்வர்த்தை மட்டும் தற்செயல் என்று கூறிவிட இயலாது. ஸ்டான்லி ஏன் தயங்கினார்? நார்தம்பர்லாந்தின் படை ஏன் அசையவில்லை? பக்கிங்காம் ஏன் கிளர்ந்தெழுந்தான்? ஹேஸ்டிங்ஸின் தலை விசாரணையின்றி வீழ்ந்த அன்றே, மன்னனுக்கு நெருக்கமாக இருப்பது பாதுகாப்பன்று என்பதை நாட்டின் பெருமக்கள் உணர்ந்துகொண்டனர். ஒப்படைக்கப்பட்ட சிறுவர்களுக்கே பாதுகாப்பில்லை என்றால் தமக்கு என்ன பாதுகாப்பு என்று ஒவ்வொருவரும் எண்ணியிருக்க வேண்டும். 1483 ஜூனில் காப்பாளனாகவே நின்று, குறித்த நாளில் சிறுவனுக்கு முடிசூட்டியிருந்தால், ரிச்சர்டு இடர்ப்பட்டிருக்கலாம். தாய்மாமன் வீட்டாரின் பகைக்கு இரையாகியும் இருக்கலாம். அவ்வழி எளிதானதன்று. ஆனால் அது அவனுக்குத் திறந்தே இருந்த வழி. அதனை மூடியது பனியன்று, மழையன்று, அவன் கையே. பற்றுறுதியைத் தன் வாசகமாகக் கொண்டவன், பற்றுறுதியற்றோரின் நடுவே தனித்து மாண்டது இதன் விளைவேயாகும்.

வெற்றி பெற்றோரும் இப்பாடத்திலிருந்து தப்பவில்லை. ஏழாம் ஹென்றியாக முடிசூடியவன், தன் ஆட்சி போருக்கு முந்திய நாளிலேயே தொடங்கியதாகக் கணக்கிட்டு, தன்னை எதிர்த்தோரைத் துரோகிகளாக்கினான். 1486இல் யார்க் எலிசபெத்தை மணந்தான். எனினும் அமைதி உடனே வரவில்லை. 1487இல் ஸ்டோக் களத்தில் மற்றொரு போர் நிகழ்ந்தது. மறைந்த சிறுவருள் இளையவன் தானே என்று கூறிக்கொண்டு ஒருவன் பல ஆண்டுகள் நாட்டைக் கலக்கினான். அவனுக்கு ஆதரவாகப் பேசிய குற்றத்துக்காக 1495இல் தலை வெட்டப்பட்டவர் வேறு யாருமல்லர். பாஸ்வர்த்தில் ஹென்றியின் உயிரைக் காத்த அதே வில்லியம் ஸ்டான்லி.

ஏட்டிலும் மண்ணிலும் கண்ட ரிச்சர்டு

டியூடர் காலத்து ஆசிரியர்கள், டியூடர் அரசர்களின் நாட்டில் வாழ்ந்துகொண்டு எழுதினர். தாமஸ் மோரின் வரலாறும், அதன் வழியே ஷேக்ஸ்பியரின் நாடகமும் ரிச்சர்டின் உடற்குறையையே உள்ளத்தின் கோணலுக்குச் சான்றாக்கின. பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் பக், 1768இல் ஹோரஸ் வால்போல் முதலியோர் இச்சித்திரத்தை ஐயுற்று எழுதினர்.

2012 ஆகஸ்டில் லெஸ்டர் நகரின் வாகன நிறுத்துமிடம் ஒன்றில் அகழ்வாய்வு தொடங்கப்பெற்றது. பழைய துறவிமடம் இருந்த இடம் அது. தொடங்கிய நாளிலேயே ஓர் எலும்புக்கூடு தென்பட்டது. ரிச்சர்டின் தமக்கை ஒருத்தியின் பெண்வழித் தோன்றல்களுடைய தாய்வழி மரபணுவோடு ஒப்பிட்டு, அது ரிச்சர்டின் உடலே என்று 2013 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது. ஒரு தோள் சற்று உயர்ந்திருக்கும். ஆனால் கூனும் இல்லை. சூம்பிய கையும் இல்லை. உடலில் பதினொரு காயங்கள். அவற்றுள் ஒன்பது மண்டையோட்டில். மற்றொரு செய்தியும் வெளிப்பட்டது. மூன்றாம் எட்வர்டின் ஆண்வழியினர் எனக் கருதப்படும் பிறருடைய மரபணுவோடு ரிச்சர்டின் ஆண்வழி மரபணு பொருந்தவில்லை. தலைமுறைகளுள் எங்கோ ஓரிடத்தில் தந்தைவழி அறுபட்டிருக்கிறது. எங்கே என்பது புலப்படவில்லை. எந்தக் குருதியுரிமையின் பெயரால் ஆயிரமாயிரம் எளிய மக்கள் டௌட்டனிலும் டியூக்ஸ்பரியிலும் மடிந்தனரோ, அந்த உரிமையே ஐயத்துக்குரியதாயிற்று.

2015 மார்ச் 26இல் லெஸ்டர் பேராலயத்தில் அவன் உடல் உரிய சிறப்புடன் நல்லடக்கம் செய்யப்பெற்றது. அவன்மீது ஏற்றப்பட்ட பொய்ப்பழிகளுள் சிலவற்றை மண்ணே துடைத்துவிட்டது எனலாம்.

ஆனால் அவனிடம் ஒப்படைக்கப்பட்ட சிறுவர் இருவர்க்கும் அத்தகைய நாள் இன்னும் வரவில்லை. 1674இல் லண்டன் கோட்டைப் படிக்கட்டின் அடியிற் கிடைத்த சிறுவர் எலும்புகள் வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு பேழையில் வைக்கப்பட்டுள்ளன. அவை அவர்களுடையவைதாம் என்று உறுதிசெய்யப்படவில்லை. ரிச்சர்டின் கூன் பொய்யாகலாம். அவனுடைய சட்டங்கள் நல்லனவாகலாம். அவன் வீரம் போற்றத்தக்கதாகலாம். வென்றவர்கள் எழுதியதை அப்படியே நம்பாதிருக்க மாணவர்கள் பழகவேண்டும். அதே வேளையில், தோற்றவன் என்பதற்காகவே ஒருவனை விடுவித்துவிடாதிருக்கவும் பழகவேண்டும். சிற்றப்பனை நம்பிக் கோட்டைக்குள் சென்ற பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற கேள்விக்கு, ரிச்சர்டு விடை கூறாமலே சென்றுவிட்டான்.